யன்னலை யார் திறப்பது?

யன்னற் சீலையைத் தானே விரித்துத் தானே சுருட்டும் பொறி எங்கள் நாட்டிற்கும் வந்துவிட்டது. கொழும்பின் அடுக்குமாடி மனைகளுக்கான விளம்பரங்களில் நீச்சற் குளத்தோடும் மின்தூக்கியோடும் சேர்த்து அதுவும் பேசப்படுகிறது. யாழ்ப்பாணத்திலும், பிள்ளைகள் அனுப்பும் வெளிநாட்டுப் பணத்தில் எழுந்த புதிய வீடுகள் சிலவற்றில், கைத்தொலைபேசியைத் தொட்டதும் யன்னலின் உலோகத் திரை கீழிறங்குகிறது. இதனைக் கண்டு நகைப்போர் உளர். எழுந்துசென்று ஒரு கயிற்றை இழுக்கவும் ஆகாத சோம்பரோ நாம் என்பது அவர் வினா. புகழ்வோரும் உளர். மேனாட்டில் உள்ளது எதுவாயினும் அது நமக்கும் வேண்டியதே என்பது அவர் துணிபு. நான் இவ்விரு சாராரோடும் சேரமாட்டேன். நான் கேட்க விரும்புபவை இரண்டு: இந்தப் பொறி எந்த வெயிலுக்காகப் பிறந்தது? எங்கள் வீட்டில் அதன் கயிறு யார் கையில் இருக்கிறது?

பொறியின் அமைப்பு எளியது, ஆயினும் அழகியது. திரை சுற்றியிருக்கும் குழலுக்கு உள்ளேயே ஒரு சிறு மோட்டார், வேகத்தைத் தணித்து விசையைக் கூட்டும் பற்சக்கரங்கள், திரையை நின்ற இடத்திலேயே நிறுத்தும் தடுப்பு, மேலெல்லையும் கீழெல்லையும் அறிந்து மின்னை வெட்டும் ஓர் ஆளி ஆகிய யாவும் அடங்கிவிடுகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் குழலைத் தவிர வேறெதுவும் தெரியாது. இத்துறையில் உலகறிந்த சோம்ஃபி என்னும் நிறுவனம் 1969 ஆம் ஆண்டில் பிரான்சின் அல்ப்ஸ் மலைச்சாரலிலுள்ள குளூஸ் என்ற சிற்றூரில் தோன்றியது. அவ்வூரார் தலைமுறை தலைமுறையாகக் கடிகாரத் தொழிலிலும் நுண்ணிய உலோகக் கடைசலிலும் தேர்ந்தவர்கள் என்பதை அறிந்தால், ஒரு குழலுக்குள் இத்தனையையும் அடக்கும் திறன் எங்கிருந்து வந்தது என்று வியக்க வேண்டியதில்லை. இன்று இதனோடு ஒளியுணரி, காற்றுணரி, சூரியன் எழும் நேரத்தையும் விழும் நேரத்தையும் ஊரின் அகலக்கோடு நெடுங்கோடு கொண்டு தானே கணிக்கும் கடிகை, இணையம் என்பனவும் இணைந்துவிட்டன.

தானே திறக்கும் கதவு மனிதனின் மிகப் பழைய ஆசைகளுள் ஒன்று. பலிபீடத்தில் தீ மூட்டியதும் கோயிற் கதவு தானே திறக்கும்படி காற்றின் விரிவையும் நீரின் எடையையும் கொண்டு அமைக்கத்தக்க ஒரு பொறியை அலெக்சாந்திரியாவின் ஹீரோன் முதலாம் நூற்றாண்டிலேயே விவரித்துள்ளான். எங்கள் இலக்கியத்தில் அத்தகைய பொறியை நான் தேடவில்லை. எனினும் யன்னலைப் பருவமறிந்து ஆளும் வழக்கம் அங்கு உண்டு. நெடுநல்வாடையில், வேனிற் பள்ளிக்குத் தென்றலைக் கொணரும் சாளரம் கூதிர்க் காலத்தில் பயனற்றுப்போக, அதன் கதவுகள் தாழிடப்பட்டுக் கிடக்கும் காட்சி வருகிறது. சொற்களும் ஒன்று கூறுகின்றன. பழந்தமிழில் சாளரத்திற்குக் ‘காலதர்’ என்று பெயர். கால் என்பது காற்று, அதர் என்பது வழி. ஆங்கிலேயர் வழங்கும் ‘விண்டோ’ என்னும் சொல்லோ பழைய நோர்ஸ் மொழியில் ‘காற்றின் கண்’ எனப் பொருள்பட்ட சொல்லிலிருந்து வந்தது. ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் காற்றை வைத்தே யன்னலுக்குப் பெயரிட்டிருக்கின்றன. நாம் நாவிலே வைத்திருக்கும் ‘யன்னல்’ போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. அது இருந்துவிட்டுப் போகட்டும். சொல் எங்கிருந்து வந்தாலும் காற்று கச்சானும் சோளகமும்தானே!

நிற்க. வெயிலுக்கு வருவோம்.

பாரிஸ் நகரம் வட அகலக்கோடு ஏறத்தாழ 49 பாகையில் உள்ளது. மார்கழி மாதத்து நண்பகலில் அங்கே சூரியன் அடிவானிலிருந்து 18 பாகை உயரத்திற்கே எழுகிறது. அந்தச் சாய்ந்த வெயில் தெற்கு யன்னல் வழியாக அறையின் அடிவரை நுழைகிறது. குளிரில் வாடும் அவர்களுக்கு அது வரப்பிரசாதம். அதே யன்னலில் ஆடிமாத வெயில் விழுந்தால் அது தொல்லை. பகலிலே வெயிலை உள்ளே விட்டு, இரவிலே கனத்த கதவை மூடிச் சேர்த்த வெப்பத்தைக் காத்து, கோடையில் இம்முறையை முற்றாகத் தலைகீழாக்க வேண்டிய நிலை அவர்களுடையது. பருவந்தோறும், அன்றாடமும், சில நாட்களில் மணிக்கு மணியும் யன்னலின் கடமை மாறுகிறது. வீட்டில் ஒருவரும் இல்லாத வேளையில் அக்கடமையைச் செய்ய ஒரு பொறியை அவர்கள் நாடியதில் முழு நியாயமும் உண்டு.

எங்கள் சூரியன் வேறு. யாழ்ப்பாணம் ஏறத்தாழ 9.7 பாகையிலும் கொழும்பு 6.9 பாகையிலும் உள்ளன. ஆண்டில் இருமுறை, சித்திரை மாதத்தை அண்டியும் ஆவணியிலும், நண்பகற் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே நிற்கிறது. மார்கழியில் அது தெற்கே சாய்ந்தாலும், யாழ்ப்பாணத்து நண்பகலில் ஏறத்தாழ 57 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. இதன் பொருள் என்ன? தெற்கு யன்னலுக்கும் வடக்கு யன்னலுக்கும் சற்றே நீண்ட தாழ்வாரம் ஒன்றிருந்தால் ஆண்டு முழுவதும் போதும். அசையாத கூரை விளிம்பே அங்கே காவலாளி. அதற்கு மின்சாரமும் வேண்டியதில்லை, சம்பளமும் வேண்டியதில்லை. எங்களை வருத்துவது கிழக்கும் மேற்கும். காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வரும் வெயிலைத் தாழ்வாரம் தடுக்காது. பின்னேரம் நான்கு மணிக்கு இரண்டு சதுர மீற்றர் அளவான மேற்கு யன்னலொன்றில் தெளிந்த வெயில் விழுமாயின், அயன்பெட்டி ஒன்றை அறையின் நடுவே சூடேற்றி வைத்ததற்கு அது ஒப்பாகும்.

இவ்விடத்தில் வாங்குவோர் பலரும் கவனியாத ஒரு விஞ்ஞான உண்மை உண்டு. திரை கண்ணாடிக்கு வெளியே இருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றல்ல. கண்ணாடி வெயிலை உள்ளே விடும். ஆனால் அவ்வெயிலால் சூடேறிய பொருள் வீசும் வெப்பக் கதிரை அது வெளியே விடாது. ஆகவே உட்புறத்துத் திரை எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், எவ்வளவு நுண்ணறிவோடு தானே இறங்கினாலும், அது தடுத்த வெயிலின் பெரும்பகுதி அறைக்குள்ளேயே வெப்பமாகத் தங்கிவிடுகிறது. கண்ணுக்கு இதம், உடலுக்கு இல்லை. வெளிப்புறத்தில் தொங்கும் ஒரு கிடுகுத் தட்டி இவ்வகையில் அதனினும் மேலானது. விறாந்தையின் முகப்பிலே மூங்கிற் தட்டியைத் தொங்கவிட்டு, வெயில் ஏறியதும் இறக்கி, மாலை சாய்ந்ததும் சுருட்டிக் கட்டிய எங்கள் முன்னோர் பௌதிகம் படித்தவரல்லர். அவர்களுக்குத் தோலே வெப்பமானி. நாற்சார் வீட்டில் சூழ நிழலும் நடுவே முற்றமுமாக வைத்து, யன்னலைச் சிறிதாக்கிச் சுவரைத் தடிப்பாக்கியதும் அதே அறிவினாற்றான். 1960களின் தொடக்கத்தில் ஜெஃப்ரி பாவா கொழும்பில் ஈனா டி சில்வாவுக்கு அமைத்த வீடு முற்றத்தையும் நீண்ட கூரையையும் நகரத்தின் குறுகிய காணிக்குள் மீளக் கொணர்ந்தது. நாம் அவரை உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் என்று மேடையிலே போற்றுகிறோம். வீடு கட்டும்போது மட்டும் மேற்கே முழுக் கண்ணாடி வைக்கிறோம்.

கண்ணாடி மோகம் மேதைகளையும் விட்டதில்லை. லெ கொர்பூசியே பாரிஸில் இரட்சணிய சேனைக்கென அமைத்த புகலிடம் 1933 இல் திறக்கப்பட்டது. தெற்கு முகம் முழுவதும் கண்ணாடி. திறக்கும் யன்னல் ஒன்றுமில்லை. கோடை வந்ததும் உள்ளே இருந்தோர் வெந்தனர். பின்னர் திறக்கும் யன்னல்களை வைக்க நேர்ந்தது. போரிலே கட்டடம் சேதமுற்றுத் திருத்தப்பட்டபோது வெயில்மறைப்புத் தட்டுகளையும் பொருத்தினர். பாரிஸ் குளிரிலேயே இந்தப் பாடென்றால், வெள்ளவத்தையில் கடலை நோக்கி மேற்கே கண்ணாடிச் சுவர் எழுப்புவோர் எதை எதிர்பார்க்கிறார்கள்? முதலில் கண்ணாடி, அது தரும் சூட்டிற்குக் குளிரூட்டி, குளிரூட்டியின் மின்கட்டணத்திற்கு அஞ்சித் தன்னியக்கத் திரை. கடலைப் பார்ப்பதற்கென வைத்த கண்ணாடி, கடல் மிக அழகாக இருக்கும் மாலைவேளையில், ஒளியுணரியின் கட்டளைப்படி மூடிக்கொள்கிறது.

அதே பாரிஸ் நகரில், ஜோன் நூவேல் முதலியோர் அமைத்து 1987 இல் திறக்கப்பட்ட அரபு உலக நிறுவனத்தின் கட்டடம் இவ்வகையில் ஒரு பாடநூல். அரபு நாடுகளின் மரச் சல்லடைச் சாளரத்தை உலோகத்தில் மாற்றி, 240 சதுரப் பலகங்களில் ஆயிரக்கணக்கான கருமணிகளைப் பதித்து, புகைப்படக் கருவியின் கண்போல வெளிச்சத்திற்கேற்பச் சுருங்கவும் விரியவும் செய்தனர். பார்த்தவர் மயங்கினர், விருதுகளும் கிட்டின. ஆனால் நுண்பொறிகள் காலப்போக்கில் பழுதாகிப் பெரும்பாலான கண்கள் நின்ற நிலையிலேயே நின்றுவிட்டன. 2017 இல்தான் அவற்றைச் செப்பனிட்டு மீண்டும் அசைத்தனர். கெய்ரோவின் பழைய மரச் சல்லடைகளோ எதுவும் அசையாமலே நூற்றாண்டுகளாக நிழலும் காற்றும் தந்துகொண்டிருந்தவை. அசையாத பொருள் பழுதாவதில்லை என்பதை எங்கள் ஊர்த் தச்சர் எவரும் சொல்லியிருப்பார்.

இவ்வளவு கூறியதால் நான் பொறிக்குப் பகைவன் என்று எவரும் கொள்ளலாகாது. கயிற்றால் இயங்கும் திரைகளில் ஒரு கொடுமை உண்டு. தொங்கும் கயிற்றுக் கண்ணியில் கழுத்து அகப்பட்டு, ஐக்கிய அமெரிக்காவில் மட்டும் ஐந்து வயதிற்கு உட்பட்ட குழந்தைகள் ஆண்டுதோறும் சராசரியாக ஒன்பது பேர் இறந்துவந்ததாக அந்நாட்டு நுகர்பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு கூறியது. 2018 இல், கடைகளில் ஆயத்தமாக விற்கும் திரைகளில் எட்டும் கயிறு கூடாதென்ற நியமமும் அங்கே வந்தது. கயிறில்லாத் திரை அனைத்திற்கும் மோட்டார் வேண்டுமென்பதில்லை. எனினும் உயரத்து யன்னலுக்கு மோட்டாரே ஏற்றது. பக்கவாதத்தால் படுக்கையில் கிடப்பவருக்கும் சக்கர நாற்காலியில் வாழ்பவருக்கும், வெளிச்சம் வேண்டும்போது பிறரை அழைக்காமலே தாமே யன்னலைத் திறக்க முடிவது சிறு காரியமன்று. போர் விட்டுச்சென்ற ஊனங்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கும் எங்கள் நாட்டில் இதனை ஆடம்பரம் என்று தள்ளிவிடுதல் அறமாகாது. அத்தகைய வீட்டில் பொறி பூட்டுவதற்கு அரசும் உதவ வேண்டும் என்பதே என் கருத்து.

எனவே இரண்டாம் வினாவே எனக்குப் பெரிது.

யாழ்ப்பாணத்தில் என் அயலிலே ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியே வாழ்கிறார். வயது எண்பதைக் கடந்துவிட்டது. கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன் ரொறன்ரோவில். தெருவை நோக்கிய அறை யன்னலருகே அவருடைய நாற்காலி. ஒழுங்கையால் போவோர் வருவோர், அவர்களுட் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள், “ரீச்சர், சுகமோ?” என்று கேட்காமற் போவதில்லை. அவரும் விடமாட்டார்; மகளுக்குச் சம்பந்தம் சரிவந்ததா, தகப்பனாருக்குக் கண் சத்திரசிகிச்சை முடிந்ததா என்று யன்னற் கம்பியூடாகவே விசாரித்துவிடுவார். விளக்கு வைத்த பின்னரே இந்தப் பேச்சு களைகட்டும். வேலைக்குப் போனவர்கள் திரும்பும் நேரம் அதுவல்லவா?

ஊரிலே களவு மிகுந்துவிட்டதென்று கேள்வியுற்ற மகன், ஒரு விடுமுறையில் வந்து, எல்லா யன்னலுக்கும் தானே இறங்கும் உலோகச் சட்டர் பூட்டுவித்துச் சென்றார். அதன் பின்னர் நாள்தோறும் மாலை ஆறு மணிக்கு யன்னல்கள் ஒருசேர மூடிக்கொண்டன. என்றேனும் நேரக்கணக்குப் பிழைத்தால் மகனே ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியால் மூடுவார். அங்கே அப்போது காலை எட்டரை மணி, வேலைக்குப் புறப்படும் வேளை. அன்பில்லாமற் செய்ததன்று, எட்டாத் தொலைவில் இருப்பவருக்குத் தாயின்மேல் உள்ள அச்சமும் பாசமும் அந்த ஒரு விரற்தொடுகையில் அடங்கியிருந்தன. ஆனால் அந்த அம்மையார் என்னிடம் சொன்னது இது:

“தம்பி, என்ரை வீட்டு யன்னலைப் பூட்டுறதுக்கு எனக்குக் கனடாவிலை இருந்து கட்டளை வருது. நாப்பது வருஷம் பள்ளிக்கூடத்துக்கு மணி அடிச்சனான், இப்ப எனக்கு மணி அடிக்கினம்.”

ஒருநாள் மின்சாரம் நின்றது. சட்டர் பாதி இறங்கிய நிலையில் சிக்கிக்கொண்டது. மின்னில்லா வேளையில் கையாற் சுழற்றுவதற்கான பிடி அந்தப் பொறிக்கு உண்டாம். பூட்டியவர்கள் அதனை வைக்காமற் போய்விட்டார்கள். திருத்துபவர் கொழும்பிலிருந்து வர வேண்டும். இரண்டு நாள் அந்தக் கிழவியார் அரை யன்னலின் ஊடாகக் குனிந்து குனிந்து தெருவைப் பார்த்தார்.

மின்தடை எங்களுக்குப் புதிதா? 1990 இன் பின் குடாநாடு பல்லாண்டு மின்சாரமின்றிக் கிடந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம், போத்தல் விளக்கில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர். 2022 பங்குனி இறுதியில் நாடு முழுவதும் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9 ஆம் நாள் தீவு முழுவதும் இருண்டது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியைத் தொட்டதே காரணம் என்று அமைச்சரே கூறினார். ஒரு குரங்கின் வாலோடு எங்கள் யன்னலைக் கட்டிவைப்பதா என்று அன்று நண்பரொருவர் கேட்டார். இணையத்தை நம்பிய பொறிக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. வீட்டு உபகரணங்களை ஒன்றிணைக்கும் ‘ரிவோல்வ்’ என்ற கருவியை நெஸ்ட் நிறுவனம் வாங்கி, 2016 மே மாதத்தில் அதன் சேவையை நிறுத்தியது. விலைகொடுத்து வாங்கியோர் வீடுகளில் அக்கருவி அன்றே பயனற்ற பெட்டியாயிற்று. பழுதானதாலன்று, தொலைவில் எங்கோ ஒரு கணக்கேடு மூடப்பட்டதால்.

பிரெஞ்சுத் திரைப்பட மேதை ஜாக் தத்தி 1958 இலேயே இதனை எண்ணிச் சிரித்தார். ‘என் மாமா’ என்னும் அவருடைய படத்தில், வண்டிக்கொட்டகைக் கதவைத் தானே திறக்கவென ஓர் ஒளிக்கண் வைக்கிறார்கள்; வீட்டு நாய் அதன் குறுக்கே நடக்க, கதவு மூடி வீட்டுக்காரரும் மனைவியும் உள்ளே அகப்படுகின்றனர். வெளியே வர, நாய் மீண்டும் நடந்தாக வேண்டும். நாய்க்கோ அதில் அக்கறையில்லை.

அந்த ஆசிரியையின் வீட்டுக் கதைக்கு ஒரு முடிவு உண்டு. அவரே மகனோடு பேசித் தீர்த்துக்கொண்டார். பின்புறத்து யன்னல்கள் பழையபடி தாமே மூடும். களவு பற்றிய அச்சம் அவருக்கும் இல்லாமலில்லை, மூட்டுவலியோடு ஆறு யன்னலைப் பூட்டித் திரியவும் இயலாது. தெருவை நோக்கிய ஒன்றை மாத்திரம் தொலைபேசியிலிருந்து விடுவித்து, நாற்காலிக்கு அருகே சுவரில் ஓர் ஆளி வைத்திருக்கிறார்கள், கைப்பிடியும் வந்துவிட்டது. எங்கள் நாட்டுத் தமிழில் மின்னைத் திறந்து மூடுவதற்கு ஆளி என்று பெயரிட்டவர் யாரோ, நல்ல தமிழறிவாளர். ஆள்பவருக்கும் அதுவே பெயரன்றோ! அந்த யன்னல் இப்போது சில நாள் எட்டு மணிவரை திறந்திருக்கிறது.

ஆசிரியர்கள் இப்பக்கத்தைப் படிப்பார்களாதலால் பாடசாலை பற்றியும் ஒரு சொல். எங்கள் கிராமத்துப் பள்ளிகளின் வகுப்பறைக்கு அரைச்சுவரே வழக்கம். வேம்பின் காற்றும், பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடும், மழைவந்தால் சாரலும் உள்ளே வரும். இப்போது திறன் வகுப்பறை என்று ஒன்று அமைக்கிறார்கள். ஒளிப்படம் திரையில் தெளிவாகத் தெரிய வேண்டுமென்று யன்னலையெல்லாம் கனத்த சீலையால் மூடுகிறார்கள். இருண்டதால் மின்விளக்கு, புழுங்குவதால் விசிறி, அதுவும் போதாமல் குளிரூட்டி. வசதிமிக்க பள்ளிகளில் அச்சீலையும் ஆசிரியர் மேசையிலிருந்து ஆளியால் இயங்கத்தக்கது. ஒளிப்படம் காட்டும் பாடமோ நாளொன்றுக்கு ஒன்றோ இரண்டோ. மிகுதி ஐந்தாறு பாடங்களுக்கும் அறை இருண்டே கிடக்கிறது. ஆளி இருக்கிறது, திறப்பவர் இல்லை. பாடம் முடிந்ததும் சீலையைத் திறக்கும் பொறுப்பை முறைவைத்து மாணவர் ஒவ்வொருவரிடம் கொடுத்துப் பார்க்கலாம். கரும்பலகை அழிப்பதற்கும் தண்ணீர்ப் பானை நிரப்புவதற்கும் முன்பு முறை இருந்தது போல.